லவ் பேர்ட்ஸ் வளர்ப்பு: கூண்டு செய்வது முதல் குஞ்சைப் பிரிப்பது வரை

தமிழ்நாட்டில் நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜி என்ற சிறு கிளி. வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து வளர்க்கத் தோதான பறவை. ஆனால் முதல் முறை வளர்ப்பவர்களில் பலர் பறவை, கூண்டு, முட்டையிடும் பானை மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து, அன்று மாலையே பானையைக் கட்டிவிடுகிறார்கள். கூமுட்டை, முட்டை சிக்கிச் சாகும் பெண், பாதியில் கைவிடப்படும் குஞ்சு எனப் பாதித் தொல்லைகள் அங்கேயே தொடங்குகின்றன. பானைதான் கடைசியாக வர வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எதை வளர்க்கலாம், எத்தனை வாங்கலாம்

பச்சைக்கிளி, முனியா போன்ற நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தொடக்கத்துக்கு இரண்டு ஜோடி பட்ஜி போதும். ஒரு ஜோடி மட்டும் இருந்தால் பல நேரம் இனப்பெருக்கத்தில் நாட்டம் வருவதில்லை. பக்கத்தில் இன்னொரு ஜோடியின் சத்தம் கேட்டால்தான் தூண்டுதல் கிடைக்கும். ஒரே கூண்டில் விடுவதானால் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஜோடியில்லாத ஒரு பெண் மிஞ்சினால், அது அடுத்தவர் பானைக்குள் புகுந்து முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொத்தும்.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வேறு இனம். அதை பட்ஜியோடு சேர்த்து விட்டால் பட்ஜியின் கால் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

2. கூண்டு

ஒரு ஜோடிக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நான்கு ஜோடிக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி உயரம். உயரத்தைக் குறைத்தாலும் நீளத்தைக் குறைக்காதீர்கள். பட்ஜி குறுக்காகப் பறக்கும் பறவை. உருண்டைக் கூண்டும் கோபுரக் கூண்டும் பார்க்க அழகு, பறவைக்குப் பயனில்லை.

வலைக் கண் அரை அங்குலம் இருக்கட்டும். ஒரு அங்குலக் கண்ணில் குஞ்சின் தலை மாட்டும், சிறு பாம்பு நுழையும்.

புது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையின் மேல் துத்தநாகத் துகள் ஒட்டியிருக்கும். பட்ஜி எதையும் அலகால் கடித்து ஏறுவதால் அது வயிற்றுக்குள் போய் விஷமாகிறது. ஒரு பங்கு வினிகரில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, பிரஷ்ஷால் வலை முழுக்கத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

உட்காரும் குச்சிக்குக் கொய்யா அல்லது வேப்பங்கிளை நல்லது. பிளாஸ்டிக் குச்சி எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதால் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தி, புண்ணாகும். கிளையில் தடிமன் மாறி மாறி வரும். 12 முதல் 15 மில்லிமீட்டர் தடிமன் சரி. முக்கியமானது: குச்சியை இரண்டு முனையிலும் கம்பியால் ஆடாமல் கட்டுங்கள். இணை சேர்வது இந்தக் குச்சியின் மேல்தான். அது ஆடினால் ஆண் சறுக்கிவிடும், முட்டை எல்லாம் கூமுட்டையாகும். கூமுட்டை வந்தால் ஆணைக் குறை சொல்லும் முன் குச்சியை அசைத்துப் பாருங்கள்.

தீனிக் கிண்ணத்துக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் நேர் மேலே குச்சி வரக் கூடாது. எச்சம் அதில்தான் விழும்.

3. கூண்டை வைக்கும் இடம்

பின்பக்கம் சுவர் இருக்கட்டும். நான்கு பக்கமும் திறந்திருந்தால் பறவைக்கு அச்சம் தீராது. காலை வெயில் ஒரு மணி நேரம் ஒரு பக்கமாவது விழ வேண்டும், மறு பக்கம் நிழலாக இருக்க வேண்டும். உச்சி வெயில் கூடாது.

சமையலறையிலும் அதை ஒட்டிய கூடத்திலும் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மேல் காய்ந்தால் வரும் ஆவி நமக்குத் தெரியாது. பறவை நிமிடங்களில் செத்து விழும். கொசுவர்த்தி, கரப்பான்பூச்சி ஸ்பிரே, சாம்பிராணிப் புகை இவையும் பறவையின் நுரையீரலுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடானால் பால்கனியோ மொட்டை மாடிக் கூரையடியோதான் சரியான இடம்.

கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள். இல்லாவிட்டால் எறும்பு ஒரே இரவில் பானைக்குள் ஏறி, பிறந்த குஞ்சைத் தின்றுவிடும். இரவில் பூனையோ எலியோ கூண்டுப் பக்கம் வந்தால் பறவைகள் இருட்டில் அடித்து மோதிக்கொள்ளும். ஜீரோ வாட் விளக்கு ஒன்று எரிந்தால் தடுமாறாமல் குச்சிக்குத் திரும்பிவிடும்.

4. பறவையைத் தேர்ந்தெடுப்பது

கடையில் முதலில் கூண்டுக்குப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டே போனால் நோயுள்ள பறவையும் விறைப்பாக நின்று நலமாகக் காட்டிக்கொள்ளும். இறகைப் பந்துபோல் உப்பி வைத்திருப்பது, பகலில் இரண்டு காலிலும் நின்று தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தக் கூண்டிலிருந்தே வாங்காதீர்கள். பறவையைக் கையில் எடுத்ததும் நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்தி முனை மாதிரி துருத்தினால் உள்ளே நோய் இருக்கிறது. எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகு ஒட்டிப் பிசுபிசுத்தாலும் வேண்டாம்.

ஆணா பெண்ணா என்பதை அலகுக்கு மேலே உள்ள மூக்குத்தோல் சொல்லும். வளர்ந்த ஆணுக்கு அது நீலம். பெண்ணுக்குப் பழுப்பு, இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது காப்பிக்கொட்டை நிறமாகிச் சொரசொரக்கும். முழு மஞ்சள் லுட்டினோவிலும் வெள்ளை அல்பினோவிலும் ஆணுக்கு நீலம் வராது, இளஞ்சிவப்பு ஊதாவாகவே இருக்கும். இதை அறியாமல் இரண்டு பெண்ணையோ இரண்டு ஆணையோ ஜோடி என்று வாங்கி வருபவர்கள் நிறைய. இளம் பறவையில் மூக்குத்துளையைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் பெண். தோல் முழுக்க ஒரே இளஞ்சிவப்பு என்றால் ஆண்.

நெற்றியில் அலகு வரை கறுப்புக் கோடு இறங்கியிருந்தால் நான்கு மாதத்துக்கு உட்பட்ட இளசு. அதுவே வாங்க நல்லது, வயது ஏமாறாது. ஆணை ஓரிடத்திலும் பெண்ணை வேறோரிடத்திலும் வாங்குங்கள். ஒரே கூண்டில் எடுத்தால் அண்ணன் தங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

5. முப்பது நாள் தனிக்கூண்டு

வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால், புதிதாக வந்ததை வேறு அறையில் 30 நாள் வைத்துப் பாருங்கள். பழைய பறவைகளைக் கவனித்த பிறகே புதியதைத் தொடுங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூச்சி, வயிற்றுப்போக்கு, கண் சளி எதுவானாலும் பெரும்பாலும் இந்த நாட்களில் வெளியே தெரிந்துவிடும்.

கிளி இனங்களிலிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் நோய் உண்டு. எச்சத் தட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டாமல் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். இந்த வேலையைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

6. தீனி

அடிப்படைத் தீனி பத்துப் பங்கில் தினை 5, பனிவரகு 3, சாமை 1, கம்பு 1. எல்லாம் உமியோடு இருக்க வேண்டும். மளிகைக் கடையில் நாம் சமைக்க வாங்கும் தினை உமி நீக்கியது. அது சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும், முளைக்காது. ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு இரண்டு டீஸ்பூன் கணக்கு.

புதியவர்களிடம் பறவை பட்டினியால் சாவதற்கு முதல் காரணம் தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பது. பட்ஜி விதையை உரித்துப் பருப்பைத் தின்று, உமியை அதே கிண்ணத்தில் விடும். மாலையில் பார்த்தால் கிண்ணம் ததும்பி நிற்கும். அத்தனையும் வெற்று உமி. தினமும் காலையும் மாலையும் கிண்ணத்தை வெளியே எடுத்து வாயால் ஊதுங்கள். அடியில் தங்குவதுதான் உண்மையான தீனி. பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பொருத்தமான வேலை இது.

விதை பழசா என்று பார்க்க ஒரு கைப்பிடியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டுங்கள். ஒன்றரை நாளில் பாதிக்குமேல் முளைக்காவிட்டால் அந்த மூட்டை வேண்டாம்.

விதை மட்டும் தின்னும் பறவைக்குக் கால்சியமும் வைட்டமின் ஏ சத்தும் குறையும். தினம் ஒரு கீரை: முருங்கை, கொத்தமல்லி, சிறுகீரை. பாலக் எப்போதாவது மட்டும், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துவைக்கும். கீரையை மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் இரு முறை அலசுங்கள். கால்சியத்துக்குக் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கழுவிக் காயவைத்துக் கூண்டின் உள்ளே கட்டித் தொங்கவிடுங்கள்; முட்டையிடும் பெண் ஒரு வாரத்தில் பாதியைக் கொறித்துவிடும்.

வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, வெங்காயம், ஆப்பிள் விதை இவை விஷம். வீட்டில் நாம் தின்னும் மிக்சர், பிஸ்கட்டும் கொடுக்காதீர்கள்.

தண்ணீரைத் தினம் இரு முறை மாற்றுங்கள். வைட்டமின் சொட்டு கலந்த தண்ணீர் நம் ஊர் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே வழுவழுப்பாகிவிடும். தர வேண்டியிருந்தால் வேகவைத்து மசித்த முட்டைத் தீனியில் கலந்து தருவது மேல்.

7. ஜோடி சேர்ப்பதும் தயார்ப்படுத்துவதும்

பெண்ணுக்கு ஒரு வயது, ஆணுக்குப் பத்து மாதம் ஆகட்டும். ஆறாம் மாதத்திலேயே முட்டையிடும், உண்மைதான். ஆனால் எலும்பில் போதிய கால்சியம் சேராத வயது அது. முட்டை சிக்கிக்கொள்வது அந்த வயதில் அதிகம். நான்கு வயதைத் தாண்டிய பெண்ணையும் விட்டுவிடுங்கள்.

ஆண் பெண்ணுக்கு ஊட்டுவதும், இரண்டும் ஒட்டி உட்கார்ந்து ஒன்றுக்கொன்று தலையைக் கோதிவிடுவதும் ஜோடி சேர்ந்ததன் அடையாளம். அதற்குப் பிறகு மூன்று நான்கு வாரம் சத்துத் தீனி கொடுங்கள்: முளைகட்டிய தினையும் பச்சைப்பயறும், வாரம் மூன்று நாள் நன்றாக வேகவைத்து ஓட்டோடு மசித்த முட்டை. நான்கு ஜோடிக்கு ஒரு முட்டை தாராளம். இரண்டு மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள், புளித்த முட்டை குடலைக் கெடுக்கும்.

பருவம் பார்த்துத் தொடங்குங்கள். ஆவணியில் தொடங்கி மாசியில் முடிப்பது நம் ஊருக்குப் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் பட்ஜி மழைக்குப் பின் புல்விதை விளையும்போதுதான் முட்டையிடும். ஈரக்காற்றும் முளைத்த விதையும் அதற்கு அழைப்பு. சித்திரை வெயிலில் முட்டைக்குள் ஈரம் வற்றி, கரு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும்.

நிறம் எப்படி வரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீலமும் நீலமும் சேர்ந்தால் பச்சைக் குஞ்சு வராது. பச்சையும் பச்சையும் சேர்ந்து நீலக் குஞ்சு வந்தால், இரண்டு பெற்றோருமே நீலத்தை மறைவாகச் சுமக்கின்றன. லுட்டினோ ஆணையும் சாதாரணப் பச்சைப் பெண்ணையும் சேர்த்தால், பெண் குஞ்சுகள் எல்லாம் லுட்டினோ, ஆண் குஞ்சுகள் எல்லாம் பச்சை. இந்த ஜோடியில் குஞ்சுக்கு இறகு முளைத்ததுமே ஆண் பெண் தெரிந்துவிடும். ஒரு நோட்டில் ஜோடி, முட்டைத் தேதி, பொரித்த தேதி, குஞ்சின் நிறம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு நெருங்கிய ரத்தம் சேராமல் தடுக்க அந்த நோட்டுதான் ஆதாரம்.

8. பானை கட்டுவது

பக்கவாட்டில் துளையும் மேலே மூடியும் உள்ள மண்பானையைக் கேட்டு வாங்குங்கள். மூடி இல்லாவிட்டால் குஞ்சைப் பார்க்க வழியில்லை. உள்ளே ஆறு ஏழு அங்குல அகலம், துளை இரண்டு அங்குலம். பழைய பானையானால் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவையுங்கள்.

அடியில் ஒன்றரை அங்குலம் மரச்சீவல் போடுங்கள். பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். பெண் பாதியை வெளியே தள்ளிவிடும். முட்டையிடும் வரை திரும்பப் போடுங்கள். வழுக்கும் வெறும் தரையில் வளரும் குஞ்சுக்குக் கால் இரு பக்கமும் விரிந்து ஊனமாகிறது.

நான்கு ஜோடிக்கு ஆறு முதல் எட்டுப் பானை, எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே நாளில் கட்டுங்கள். ஒன்று மட்டும் உயரத்தில் இருந்தால் எல்லாப் பெண்ணும் அதற்காகச் சண்டை போடும். பெண் பட்ஜிகளின் பானைச் சண்டை ரத்தம் வரும் சண்டை.

9. முட்டையும் அடையும்

இணை சேர்ந்து பத்து நாள் வாக்கில் முதல் முட்டை. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் நான்கு முதல் ஆறு. ஒவ்வொரு முட்டையும் அடை தொடங்கியதிலிருந்து 18 நாளில் பொரியும். ஆகவே குஞ்சுகளும் ஒன்றுவிட்ட நாட்களில் வெளிவரும். மூத்ததற்கும் கடைசிக்கும் பத்து நாள் இடைவெளி விழுவது இயல்பு.

முட்டையில் பென்சிலால் மெல்ல எண் எழுதுங்கள், மை ஓட்டுக்குள் ஊறும். ஏழாம் நாள் பெண் வெளியே வரும் நேரம் பார்த்து, இருட்டில் செல்போன் டார்ச்சில் முட்டையைக் காட்டுங்கள். சிவப்பு நரம்பு சிலந்தி வலைபோல் தெரிந்தால் கரு இருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை. அதை உடனே எறியாதீர்கள். முதலில் பிறக்கும் குஞ்சு சாய்ந்துகொள்ள அது உதவும். 22 நாளுக்குப் பிறகும் பொரிக்காததை எடுக்கலாம்.

இந்த நாட்களில் அகலத் தட்டில் குளிக்கத் தண்ணீர் வையுங்கள். பெண் நனைந்த இறகோடு திரும்பி உட்காரும்போது முட்டைக்கு வேண்டிய ஈரம் கிடைக்கும். முட்டை ஓட்டை நீங்களே உடைத்து உதவ வேண்டாம். ஓட்டின் ரத்த நாளம் வற்றும் முன் உடைத்தால் குஞ்சு ரத்தம் கொட்டிச் சாகும்.

10. குஞ்சு

பிறந்த முதல் அரை நாள் தீனிப்பை காலியாக இருக்கலாம், உள்ளே மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். அதன் பிறகு கழுத்தடியில் தீனிப்பை வெண்மையாகப் புடைத்திருக்க வேண்டும். கடைசிக் குஞ்சின் பை தொடர்ந்து காலியாக இருந்தால், அதே வயதுக் குஞ்சுள்ள வேறு பானைக்கு மாற்றுங்கள். பட்ஜி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

அடையாள வளையம் போடுவதானால் ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். பத்தாம் நாள் வாக்கில் கண் திறக்கும். அதிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை குஞ்சுகளைத் துணி விரித்த கிண்ணத்தில் எடுத்து வைத்து, சீவலை மாற்றுங்கள். அப்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கால் விரல்: எச்சம் உருண்டையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். பிய்த்தால் நகமும் கூட வரும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுங்கள். இன்னொன்று, மேலலகின் உட்பக்கம்: அங்கே தீனி அப்பிக் காய்ந்தால் மேலலகு உள்ளே மடங்கி வளரும். முனை மழுங்கிய பல்குச்சியால் மெல்ல எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து தினம் பத்து நிமிடம் குஞ்சைப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கலாம். தரையில் உட்கார்ந்து வைத்துக்கொள்ளட்டும், விழுந்தாலும் அடிபடாது. ஊட்டுவதைத் தாய் தந்தையே செய்யட்டும். சிரிஞ்சில் ஊட்டினால் தீனி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்டு. பழகாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

30 முதல் 35 நாளில் குஞ்சு வெளியே வரும். பிறகும் ஒன்றிரண்டு வாரம் தந்தை ஊட்டும். குஞ்சு தானாக விதை உரிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே, ஆறு வார வாக்கில் பிரியுங்கள். புதுக் கூண்டில் முதல் வாரம் தீனியைத் தரைத் தட்டிலும் தூவுங்கள்.

11. உடனே கவனிக்க வேண்டியவை

பெண் கூண்டுத் தரையில் உப்பி உட்கார்ந்து முக்கினால் முட்டை சிக்கியிருக்கிறது. பெட்டியில் வைத்து, 30 டிகிரி சூடு கிடைக்க ஒரு பக்கம் பல்பு போட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வயிற்றை அழுத்தாதீர்கள், உள்ளே உடைந்தால் பறவை பிழைக்காது. சென்னையில் வேப்பேரி, மற்ற ஊர்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம்.

மூக்குத்தோலிலும் காலிலும் வெள்ளைத் தேன்கூடு போலப் படிந்தால் அது செதில் பூச்சி. மருத்துவர் எடை பார்த்து ஐவர்மெக்டின் தருவார். மாட்டுக்கு வாங்கியதை நீங்களாகச் சொட்டாதீர்கள். இரவில் கூண்டின் மேல் வெள்ளைத் துணி போட்டு, காலையில் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் ரத்தம் உறிஞ்சும் பூச்சி இருக்கிறது. குச்சிகளையும் பானைகளையும் மொத்தமாக மாற்றி, கூண்டைக் கொதிநீரில் கழுவுங்கள்.

12. பானையை இறக்குவது

ஆண்டுக்கு இரண்டு சுற்றுக் குஞ்சுக்கு மேல் எடுக்காதீர்கள். பானை தொங்கினால் பெண் மூன்றாம், நான்காம் சுற்றும் முட்டையிடும். தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கொடுத்து நலிந்துபோகும். இரண்டாம் சுற்றின் கடைசிக் குஞ்சு வெளியே வந்த அன்றே எல்லாப் பானைகளையும் இறக்குங்கள். முட்டைத் தீனியையும் முளைவிதையையும் நிறுத்தி, வெறும் விதையும் கீரையும் கொடுங்கள். முடிந்தால் ஆணையும் பெண்ணையும் நான்கைந்து மாதம் தனித்தனிக் கூண்டில் வையுங்கள்.

பானை இல்லாமலும் சில பெண்கள் தீனிக் கிண்ணத்திலோ தரையிலோ முட்டையிடும். அந்த முட்டையை உடனே எடுத்தால் ஈடுகட்ட இன்னும் இடும். அப்படியே விட்டுவிடுங்கள், சில நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தானே விலகும், பிறகு எடுத்துப் போடலாம். அகலக் கிண்ணத்தையும் அன்றே குறுகிய கிண்ணமாக மாற்றிவிடுங்கள்.